சாளுவன்குப்பத்துக் கல்லும் எங்கள் குழு நோட்டும்

ஊருக்கு ஒருத்தர் தங்கள் ஊர் வரலாற்றைப் பேசணும்னு சொன்னீங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க ஊர் சாளுவன்குப்பம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, புலிக்குகை இருக்கிற இடம்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். வர்றவங்க அங்கே போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. பக்கத்துல பள்ளத்துக்குள்ள இருக்கிற முருகன் கோயிலைப் பாக்குறவங்க கொஞ்சம்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமி அலை மணலை அரிச்சுட்டுப் போனதுல, ஒரு பாறையில் இருந்த கல்வெட்டு வெளியே தெரிஞ்சது. இங்கே ஒரு சுப்பிரமணியர் கோயில் இருந்ததா அதுல எழுதியிருந்தது. தொல்லியல் துறை 2005-ல் தோண்ட ஆரம்பிச்சாங்க. மேலே பல்லவர் காலத்துக் கருங்கல் கோயில், அதுக்கு அடியில் இன்னும் பழைய செங்கல் கோயில். கல்லால் ஆன வேல் ஒண்ணு. பெண்கள் குரவை ஆடுற சுடுமண் பலகைகூடக் கிடைச்சது.

தூண்களிலும் எழுத்து இருந்தது. வசந்தனார் என்ற பிராமணப் பெண்மணி கோயில் விளக்குக்காக 16 கழஞ்சு பொன் கொடுத்திருக்காங்க. எந்த ராஜா காலம்னு எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு மறந்துபோகுது. அந்த அம்மா பேரும் பதினாறும் மறக்கல.

அதே அலையில எங்க ஊர்க் குழுவோட நோட்டு போச்சு. நான் 2009-ல் கல்யாணமாகி வந்தவ. இது என் மாமியார் சொன்னது. அப்போ குழுவுல 14 பேர். மீன் கூடை தூக்கி வித்து, நாலு வருஷமா மாசம் 50 ரூபாய் கட்டினாங்க. நோட்டு இருந்த தகரப் பெட்டியோட கடல் எடுத்துக்கிச்சு. நோட்டு எழுதுற அக்கா பயந்துபோய் அன்னைக்கே தாய் வீட்டுக்குப் போனவங்க, திரும்பி வரல.

எல்லாரும் உக்காந்து வாயால கணக்குச் சொன்னாங்க. பேங்க்ல இருந்ததையும் வெளியில நின்ன கடனையும் கூட்டினா, 2,000 ரூபாய் குறைஞ்சது. சந்தேகம் ஒரு அக்கா மேல விழுந்தது. புருஷன் இல்லாதவ மாசம் தவறாம எப்படிக் கட்டியிருப்பான்னு கேட்டாங்களாம். அந்த அக்கா சண்டை போடல. என் பங்குல கழிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு, மீதி 400 ரூபாயை வாங்கிக்கிட்டுக் குழுவை விட்டுப் போயிட்டாங்க.

வருஷா வருஷம் டிசம்பர் 26 காலையில கடல்ல பால் ஊத்துவோம். போன வருஷம் பால் ஊத்திட்டு வந்து, என் மாமியார் வாசல்லயே உக்காந்துட்டாங்க. அலைக்கு நாலு நாள் முன்னாடி அந்த 2,000-ஐ உள்கடனா வாங்கினது அவங்கதான். வீடு வாசல் போன நேரத்துல சொல்லப் பயம். அப்புறம் சொல்ல வெட்கம். இதை இங்கே பேசச் சொன்னதும் அவங்கதான். முன்வரிசையில உக்காந்திருக்காங்க.

நாங்க ரெண்டு பேரும் பணத்தை எடுத்துக்கிட்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். டீ போட்டுக் கொடுத்தாங்க. பணத்தைத் தொடவே இல்ல. என்னைப் பாத்து, “நீதானே இப்போ நோட்டு எழுதுறே? நான் கட்டினேன்னு எழுதும்மா”ன்னு மட்டும் சொன்னாங்க.

எழுதியிருக்கேன். புது நோட்டுல முதல் பக்கம், அவங்க பேர், 2,400 ரூபாய். கீழே 14 பேர்ல இப்போ ஊர்ல இருக்கிற ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க.