கூலிக்காரர் கட்டிய காடு



நியூயார்க் என்றதும் வானை முட்டும் கட்டிடங்கள்தான் நமக்கு நினைவு வரும். அந்தக் கட்டிடங்களுக்கு நட்டநடுவே 843 ஏக்கரில் சென்ட்ரல் பார்க் என்று ஒரு பூங்கா இருக்கிறது. அதற்குள் காடு இருக்கிறது. ஓடை, அருவி, மரங்கொத்தி, கண்ணைச் சுற்றிக் கரி பூசினாற்போலிருக்கும் ரக்கூன் என்ற பிராணி, எல்லாம் இருக்கின்றன. ஆதிகாலந்தொட்டு நிற்கும் காடு என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அப்படியல்ல. அது கூலிக்காரர்கள் கட்டிய காடு.

1850களில் அந்த இடம் பெரும்பாலும் பாறையும் சதுப்பும்தான். 1858இல் ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவரின் திட்டம் ஏற்கப்பட்டது. புத்தகங்களில் அவர்கள் பேர் நிற்கிறது. பேரில்லாமல் உழைத்தவர்கள் யார்? அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். வெடிமருந்து வைத்துப் பாறையைப் பிளந்தார்கள், சதுப்பை வடித்தார்கள், வண்டி வண்டியாக மண் கொட்டி மரம் நட்டார்கள். நாளொன்றுக்குப் பத்து மணி வேலை. 'ராம்பிள்' என்ற காட்டுப் பகுதியில் சலசலக்கும் ஓடைகூட குழாய்த் தண்ணீர்தான்! திருகினால் ஓடும், மூடினால் நிற்கும்.

நிலம் சும்மா கிடக்கவில்லை. அங்கே செனெகா என்று ஓர் ஊர் இருந்தது. 1825 முதல் கறுப்பின மக்கள் காசு கொடுத்து நிலம் வாங்கிக் குடியேறிய ஊர். சுமார் 225 பேர். மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம். நிலம் அவர்களுக்கு வீடு மட்டுமல்ல, ஓட்டும்கூட. கறுப்பன் ஓட்டுப்போட வேண்டுமானால் 250 டாலர் சொத்துக் காட்ட வேண்டும் என்பது அந்த மாகாணத்துச் சட்டம். வெள்ளையனுக்கு அந்த நிபந்தனை கிடையாது! 1857இல் ஊரைக் காலி செய்தார்கள். நிலச் சொந்தக்காரருக்கு ஏதோ ஈடு கிடைத்தது. ஊர் சிதறிப் போயிற்று. இங்கே ஓர் ஊர் இருந்தது என்று பலகை வைப்பதற்கே 2001 வரை ஆயிற்று.

அதனால் காடே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தெற்கேயிருந்து வடக்கே போகும் சின்னஞ்சிறு பறவைகள் இராத்திரியெல்லாம் பறந்துவிட்டு, விடியலில் இரைக்கு இறங்க இடம் தேடும். எங்கும் சிமெண்டு, நடுவே ஒரு பச்சைத் திட்டு. அங்கே இறங்கும். 200க்கு மேற்பட்ட பறவை வகைகளை அந்தப் பூங்காவில் கண்டிருக்கிறார்கள். காட்டில் விழுந்த மரத்தையும் பல இடங்களில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மட்கும் கட்டையில் புழு வரும், புழுவுக்கு மரங்கொத்தி வரும். (நம் ஊரில் அது மறுநாளே அடுப்புக்குப் போயிருக்கும். நம் பெண்களுக்கு வேறு விறகு ஏது?)

ஒரு பருந்தின் கதையும் உண்டு. 1990களில் செவ்வால் பருந்து ஒன்று, பூங்காவுக்கு எதிரே பெரும் பணக்காரர் வாழும் கட்டிடத்தில் 12ஆவது மாடி விளிம்பில் கூடு கட்டிற்று. பூங்காவில் எலியும் புறாவும் பிடித்துக் குஞ்சு வளர்த்தது. 'பேல் மேல்' என்று ஜனங்கள் அதற்குப் பேர் வைத்தார்கள். 2004 டிசம்பரில் கட்டிடக்காரர்கள் கூட்டைப் பிய்த்தெறிந்தார்கள். ஜனங்கள் விடவில்லை. அந்தக் குளிரில் அட்டை பிடித்துத் தெருவில் நின்றார்கள். போகிற வண்டிகள் ஹாரன் அடித்து ஆதரவு காட்டின. மாதம் முடிவதற்குள் கட்டிடக்காரர்கள் இறங்கி வந்தார்கள். அதே விளிம்பில் இரும்புத் தாங்கி பொருத்திக் கொடுத்தார்கள். பருந்து சுள்ளியோடு திரும்பி வந்தது.