குற்றவாளி 13 அல்ல, 65
(பொதுக்கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



சினிமாவைப் பற்றிப் பேச நான் இந்த மேடையேறியது உங்களில் சிலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். நான் பேச வந்தது, ரான் ஹோவார்டு என்பவர் 1995-ம் வருஷம் எடுத்த ‘அப்போலோ 13’ என்னும் அமெரிக்கப் படத்தைப் பற்றியாகும். அதில் பேயில்லை, பூதமில்லை. ஆபத்து வேளையில் இறங்கி வந்து காப்பாற்றும் தெய்வமுமில்லை. 1970-ம் வருஷம் ஏப்ரல் மாதம் மெய்யாகவே நடந்த காரியந்தான் கதை.

சந்திரனுக்குப் புறப்பட்டவர்கள் ஜேம்ஸ் லவல், ஜாக் ஸ்விகர்ட், பிரெட் ஹெய்ஸ் ஆகிய மூவர். பூமியிலிருந்து சுமார் 2 லட்சம் மைலுக்கு அப்பால் அவர்கள் கப்பலின் பிராணவாயுத் தொட்டி ஒன்று வெடித்தது. அக்கப்பலுக்கு மின்சாரமும் தண்ணீரும் உண்டாவது அந்தப் பிராணவாயுவைக் கொண்டேயாகும். ஆகவே ஒன்று போனதும் மூன்றும் போயிற்று. உடனே, சந்திரனில் இறங்குவதற்காகக் கூட இணைத்திருந்த சிறு கலத்திற்குள் புகுந்தார்கள். அது 2 பேர் சுமார் 2 நாள் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. அதில் 3 பேர் சுமார் 4 நாள் உயிரோடிருக்க வேண்டும்!

இனிக் கணக்கைப் பாருங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 அவுன்சு. ஏனெனில் யந்திரங்களின் சூட்டைத் தணிக்கவும் அதே தண்ணீர்தான் வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டிக் கருவிகளை அணைத்ததால், குளிர் 38 டிகிரி பாரன்ஹீட் வரை இறங்கிற்று. லவல் 14 ராத்தல் எடை குறைந்தார்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து அவர்கள் மூச்சிலேயே இருந்தது. மூவரும் விட்ட கரியமிலவாயு அறையில் சேர ஆரம்பித்தது. அதை உறிஞ்சும் பெட்டிகள் பெரிய கலத்தில் இருந்தன; ஆனால் அவை சதுரம். சிறு கலத்தின் துவாரமோ வட்டம். பூமியிலிருந்த இஞ்சினியர்கள், மேலே என்ன சாமான் உண்டோ அதையே கொண்டு, அதாவது பிளாஸ்டிக் பை, அட்டை, உடுப்பின் குழாய், ஒட்டும் நாடா ஆகியவற்றால் ஓர் உபாயம் கண்டு, அதை வாய்மொழியாகவே சொல்லிக் கொடுத்தார்கள். காற்று சுத்தமாயிற்று. 17-ந் தேதி மூவரும் பசிபிக் சமுத்திரத்தில் உயிரோடு வந்திறங்கினார்கள்.

அந்த நாட்களில் உலகெங்கும் ஜனங்கள் பிரார்த்தனை செய்தார்கள். அது அவர்களுடைய அன்பைக் காட்டுகிறது. அதை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் சதுரப் பெட்டி வட்டத் துவாரத்திற்குப் பொருந்தியது அட்டையாலும் நாடாவாலுமே அல்லவா?

படத்தில் ஒரு குறையும் உண்டு. மூவரும் உள்ளே சண்டையிட்டுக் கொண்டதாகக் காட்டுகிறார்கள். அப்படி நடக்கவில்லை. அது நாடகத்துக்காகச் சேர்த்த சரக்கு.

தோழர்களே! இனிச் சகுனக்காரர்களிடம் வருவோம். மேல்நாட்டில் 13 ஆகாத எண்ணாம். கப்பலின் எண் 13. கட்டுப்பாட்டு நிலையமிருந்த ஹூஸ்டன் நகரக் கடிகாரப்படி அது கிளம்பியது 13 மணி 13 நிமிஷத்திற்கு. வெடித்தது 13-ந் தேதி. இதைவிட என்ன ருஜு வேண்டும் என்பார்கள்.

விசாரணைக் குழுவோ பஞ்சாங்கத்தைப் புரட்டவில்லை, தொட்டியை ஆராய்ந்தது. தொட்டியைச் சூடேற்றும் கருவிக்குக் காவலாக வைத்த சுவிட்ச் 28 வோல்ட்டுக்குச் செய்தது. தரையிலோ 65 வோல்ட் பாய்ச்சினார்கள். இந்த மாறுதலுக்கு ஏற்றபடி சுவிட்சையும் மாற்ற வேண்டுமென்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. சுவிட்ச் ஒட்டிக்கொண்டது, சூடு அளவுமீறி ஏறிற்று, கம்பிகளின் உறை கெட்டது. பிறகு மேலே போய், தொட்டிக்குள்ளிருந்த விசிறியைச் சுழலவிட்டதும் தீப்பிடித்து வெடித்தது. ஆகவே குற்றவாளி 13 அல்ல, 65!

13-ன் மேல் பழியைப் போட்டிருந்தால் என்ன ஆகும்? அடுத்த கப்பலுக்கு 14 என்று பெயர் வைத்து, அதே தொட்டியோடு அனுப்பிப் பிணமாக்கியிருப்பார்கள். காரணத்தைத் தேடியதால் தொட்டியைத் திருத்தி, கூடுதலாக இன்னொன்றும் வைத்து, 1971-ம் வருஷம் அப்போலோ 14-ஐ அனுப்பினார்கள். அது சந்திரனில் இறங்கித் திரும்பிற்று.

நம் வீட்டிலும் இதே கதைதான். குழந்தைக்குப் பேதி கண்டால் எந்தப் பூனை குறுக்கே போயிற்று என்று யோசிக்கிறோம். எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தோம் என்று யோசிப்பதில்லை. பூனையைத் துரத்தினால் அடுத்த குழந்தை பிழைக்காது. கிணற்றைச் சுத்தம் செய்தால் பிழைக்கும். இதை நீங்களே ஆலோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.