ஐ.சி.யூ. கதவுக்கு அந்தப் பக்கம்



ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரங்க என்கிட்ட முதலில் கேட்கிறது, "பெரிய டாக்டர் வந்து பார்த்துட்டாரா சிஸ்டர்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு நாளில் பெரிய டாக்டர் ஒரு கட்டில் பக்கத்தில் நிற்பது சில நிமிடங்கள். மீதி நேரம் முழுக்க டியூட்டி டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன், துப்புரவுப் பணியாளர்னு ஒரு கூட்டமே உங்கள் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறது. இவங்க ஒருத்தருக்கொருத்தர் என்ன பேசிக்கிறாங்க, பேசிக்கிறாங்களா இல்லையா என்பதில் உயிரே இருக்கு.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒரு ஆய்வு செய்தார்கள். ரவுண்ட்ஸ் முடிந்த கையோடு அங்கிருந்த இளம் டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும், "இந்த நோயாளிக்கு இன்றைக்கு நாம் என்ன செய்து முடிக்கணும்?" என்று கேட்டார்கள். தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. அத்தனை பேரும் அதே ரவுண்ட்ஸில் நின்றவர்கள்தான்! பிறகு ஒரு தாளில் அன்றைய வேலைகளை எழுதி வைக்க ஆரம்பித்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் 95 சதவீதத்தைத் தாண்டினார்கள். நோயாளிகள் ஐ.சி.யூ.வில் இருந்த சராசரி நாள் 2.2-லிருந்து 1.1 ஆனது. இந்த முடிவு 2003-ல் வெளியானது.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. கழுத்துப் பக்கத்துப் பெரிய ரத்தக் குழாயில் 'சென்ட்ரல் லைன்' என்று ஒரு மெல்லிய குழாய் போடுவோம். அதில் கிருமி ஏறினால் நேரே ரத்தத்தில் கலந்துவிடும். டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட் என்பவர் ஐந்து விஷயங்களை வலியுறுத்தினார். கையைக் கழுவு. மாஸ்க், கவுன், கையுறை போட்டு நோயாளியையும் கிருமி நீக்கிய துணியால் முழுசா மூடு. தோலை குளோரெக்சிடினால் சுத்தம் செய். முடிந்தவரை தொடை வழியாகப் போடாதே. தேவை முடிந்ததும் எடுத்துவிடு. இதில் புதுசா எதுவும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். புதுசு என்னவென்றால், டாக்டர் ஒரு படியை விட்டால் "நிறுத்துங்க சார்" என்று சொல்லும் அதிகாரம் நர்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. 2003-ல் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் தொடங்கிய திட்டம் இது. 1000 குழாய் நாளுக்குச் சராசரி 7.7 தொற்று என்று இருந்தது, 18 மாதத்தில் 1.4-க்கு இறங்கியது. புது மருந்து இல்லை, புது மெஷினும் இல்லை. சின்னவங்க பேசினாங்க, பெரியவங்க கேட்டாங்க.

இந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருத்தர். ஜோசி கிங் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை வெந்நீர்ப் புண்களோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சேர்க்கப்பட்டது. நன்றாகத் தேறி ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வந்துவிட்டது. அதற்கப்புறம் பிள்ளை தாகத்தில் தவிக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடலில் நீர் வற்றி, நிறுத்தச் சொன்ன வலி மருந்தும் திரும்பக் கொடுக்கப்பட்டு, 2001-ல் குழந்தை இறந்துபோனது. அந்த அம்மா சோரல் கிங், பிற்பாடு அதே மருத்துவமனையோடு சேர்ந்து நோயாளிப் பாதுகாப்புக்காக வேலை செய்தார். எனக்கு அந்த மனசு வருமா என்று தெரியவில்லை.

சரி, உங்கள் கையில் இருக்கிற போனுக்கு வருவோம். ஒருநாள் ராத்திரி ஒரு பெரியவருக்கு லைன் போடத் தயாராகிக்கொண்டிருந்தோம். மகன் கேலரியைத் தள்ளித் தள்ளி ஒரு மாத்திரை அட்டையின் போட்டோவைக் காட்டினார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை, வேறொரு ஆஸ்பத்திரியில் எழுதியது. எங்களிடம் இருந்த சீட்டில் அது இல்லவே இல்லை. ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே டாக்டர் ஊசியைத் தொட்டார்.

அதனால் வீட்டில் பெரியவங்க சாப்பிடுகிற மாத்திரைகளை, பேரும் மில்லிகிராம் அளவும் தெரிகிற மாதிரி இன்றைக்கே போட்டோ எடுத்துத் தனி ஆல்பத்தில் வையுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த மருந்து ஒத்துக்காது என்ற விவரமும் அதிலேயே இருக்கட்டும். டாக்டரிடம் பேச வீட்டுக்கு ஒருத்தரை மட்டும் வையுங்கள், மற்ற சொந்தங்களுக்கு அவரே வாட்ஸ்அப்பில் சொல்லட்டும். ஆளுக்கொரு பதில் கேட்டு வந்து வெளியே சண்டை போடுவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். உள்ளே போகும்போது கையைக் கழுவுங்க. பக்கத்துக் கட்டில்காரரைத் தயவுசெய்து போட்டோ எடுக்காதீங்க.

ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றுகிற நாளில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேணும். கண்காணிப்பு குறையும், ஆட்களும் மாறுவார்கள். எந்த மருந்து நின்றது, எது தொடர்கிறது, என்ன அறிகுறி வந்தால் கூப்பிடணும்? இந்த மூன்றையும் வார்டு நர்ஸிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் கோபப்படமாட்டார்கள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். சிலர் படுவார்கள். பரவாயில்லை, கேளுங்க.