மாசம் ஐம்பது ரூபாயில் ஒரு நாள் பயணம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பாகூர் பகுதி உறுப்பினர் ஒருவர் பேசியது)

எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. பத்தாவது வரைக்கும் படிச்சவ. குழுக் கூட்டத்துல தீர்மானம் படிக்கிறதுதான் நான் பேசின பெரிய பேச்சு. "நீங்க டூர் போயிட்டு வந்ததைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. அதனால எழுதி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன்.

எங்க குழுவுல 18 பேர். போன வருஷம் ஆண்டு விழாவுக்கு முன்னாடி ஒரே கலர்ல புடவை எடுக்கலாம்னு பேச்சு வந்துச்சு. ஆளுக்கு 600 ரூபாய். நான்தான் எழுந்து, "புடவை எல்லார் வீட்டுலயும் இருக்கு. அந்தக் காசுல ஒரு நாள் வேன் பிடிச்சு கடலோரப் பழைய ஊர்களைப் பாத்துட்டு வரலாமே"ன்னு சொன்னேன். என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. தரங்கம்பாடி பத்தி அவ புத்தகத்துல இருந்துச்சு. "அம்மா, இது எங்க இருக்கு?"ன்னு கேட்டா. காரைக்காலுக்குப் பஸ்ல போகும்போது வழியில போர்டு பாத்திருக்கேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பாதிப் பேருக்குப் பிடிக்கலை. "ஊர் சுத்தறதுக்கா காசு?"ன்னு கேட்டாங்க. புடவைன்னா பத்து வருஷம் கட்டலாம், வேன்ல போனா சாயங்காலம் தீந்துபோச்சு. அதுவும் நியாயந்தான். அப்போ வாய் தவறி ஒன்னு சொல்லிட்டேன். "போயிட்டு வந்து பிரயோஜனமில்லைன்னு யாருக்குத் தோணுதோ, அவங்க 600 ரூபாயை நானே மாசம் ஐம்பதா திருப்பித் தரேன்"னு. ஊக்குநர் அக்கா அதையும் தீர்மான நோட்டுல எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. 17 பேரும் கேட்டா 10,200 ரூபாய். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

மாசம் ஐம்பது, பன்னெண்டு மாசம். சேமிப்போட கலக்காம தனி நோட்டுல எழுதினோம். 10,800 சேர்ந்துச்சு.

வேன் சுலபமா கிடைச்சுது. வழிகாட்டிதான் கிடைக்கலை. புதுச்சேரியில விசாரிச்ச ஒரு இடத்துல, "கிராமத்துப் பொம்பளைங்களா? நீங்களே போய்ப் பாத்துக்க வேண்டியதுதானே, கைடு எதுக்கு?"ன்னு சொல்லிட்டாங்க. இன்னொரு இடத்துல கார்ல நாலு பேர்னா வருவோம், இங்கிலீஷ்லதான் சொல்லுவோம்னாங்க. கடைசியில வரலாறு எம்.ஏ. படிச்ச ஒரு பொண்ணு கிடைச்சுது. வெளிநாட்டுக்காரங்களுக்குச் சொல்ற பொண்ணுதான். "அக்கா, தமிழ்ல சொல்லி ரொம்ப நாளாச்சு, எனக்கும் ஆசையா இருக்கு, 2,000 குடுங்க"ன்னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணுகிட்ட நான் முதல்ல கேட்ட கேள்வி கோட்டையைப் பத்தி இல்லை. "எங்கெங்க பாத்ரூம் இருக்கும்மா?"ங்கிறதுதான். சிரிக்கிறீங்க. 18 பேரைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாருங்க, தெரியும். அது ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இடம் விசாரிச்சு வெச்சிருந்துச்சு. தரங்கம்பாடியில தெரிஞ்சவங்க வீட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போச்சு. நீங்க யாராவது போறதா இருந்தா இதை முதல்ல கேட்டுக்குங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

எங்காளுங்க பூம்புகாரையும் சேர்க்கச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு முடியாதுன்னுட்டுது. "ஒரு நாள்ல ஆறு ஊர் போனா வேன்ல ஏறி எறங்கத்தான் நேரம் இருக்கும்"னு சொல்லுச்சு. ரெண்டு பேர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. எனக்கும் வருத்தம்தான். ஆனா அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரின்னு மத்தியானமே தெரிஞ்சுபோச்சு.

விடியக்காலம் 5 மணிக்குக் கிளம்பணும். பால் கறக்கிறவங்க 3 மணிக்கே எழுந்து மாட்டைப் பாத்துட்டு வந்தாங்க. இட்லி, புளிசாதம், தயிர்சாதம், ஊறுகாய் எல்லாம் வீட்டுல இருந்தே கட்டிக்கிட்டோம். கன்னியக்கோயில் ரோட்டுல அந்தப் பொண்ணு ஏறுச்சு. ஏறினதும், "நீங்க பாகூரா? உங்க ஊர்க் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்"னு சொல்லுச்சு. பாகூர்ல 1752-ல இங்கிலீஷ்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் சண்டை போட்டாங்களாம். அதுக்கு 900 வருஷம் முன்னாடி, நிருபதுங்க பல்லவன் காலத்துல, நம்ம பாகூர்ல பெரிய கல்விச்சாலை இருந்துச்சாம். அதை நடத்த மூணு ஊர் வருமானத்தை எழுதி வெச்ச செப்பேடு இருக்காம். பொறந்ததுல இருந்து அங்கேயே இருக்கிற எங்க எதிர்வீட்டு அத்தை, "நம்ம ஊர்லயா?"ன்னு நாலு தடவை கேட்டாங்க. நான் கடலூர் மாவட்டத்துல ஒரு கிராமத்துல பொறந்து இங்க வாக்கப்பட்டவ. எனக்கும் அப்பத்தான் தெரியும்.

முதல்ல கடலூர் தேவனாம்பட்டினம். சில்வர் பீச்னு எத்தனையோ தடவை போயிருக்கோம். அங்க செயின்ட் டேவிட் கோட்டை இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? செஞ்சியை ஆண்ட மராட்டியர்கிட்ட இருந்து 1690-ல இங்கிலீஷ்காரங்க அதை விலைக்கு வாங்கினாங்க. கோட்டையோட சுத்துப்பட்டு ஊருங்களும் சேர்த்தி. எது வரைக்கும்னா, பீரங்கியில சுட்டா குண்டு எங்க போய் விழுதோ அது வரைக்கும்! அப்படிக் குண்டு எல்லைக்குள்ள வந்த ஊருங்களுக்குக் குண்டு ஊருன்னு பேர் வந்துச்சாம். குண்டு உப்பலவாடின்னு இன்னிக்கும் ஒரு ஊர் இருக்கு. எங்க குழுவுல ஒருத்தங்க நாத்தனாரை அந்தப் பக்கம்தான் குடுத்திருக்கு. "இத்தனை வருஷமா சீர் எடுத்துக்கிட்டுப் போறேன், அங்க யாரோ குண்டா இருந்தாங்க போலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்"னு சொன்னாங்க. வேனே அதிர்ந்துபோச்சு சிரிப்புல.

எனக்கு உள்ளுக்குள்ள வேற ஒன்னு ஓடுச்சு. எங்க வீட்டுல வரப்பு ஒரு அடி தள்ளிப்போச்சுன்னு சர்வேயரைக் கூட்டிக்கிட்டு வந்து ரெண்டு வருஷமா பக்கத்து நிலத்துக்காரங்களோட பேச்சு இல்லை. அங்க என்னடான்னா குண்டு போட்டு நிலம் அளந்திருக்காங்க. அந்த ஊர்ல குடியிருந்தவங்களை யார் கேட்டாங்க? கோட்டையில இப்போ பாக்கறதுக்குப் பெருசா ஒன்னும் இல்லை. 1758-ல நம்ம பிரெஞ்சுக்காரங்க அதைப் பிடிச்சு இடிச்சுப் போட்டுட்டாங்க. 'நம்ம' பிரெஞ்சுக்காரங்கன்னு சொல்றேன் பாருங்க!

அடுத்தது பரங்கிப்பேட்டை. பறங்கிக்காய் அதிகமா விளையும் போலன்னு நெனச்சோம். பறங்கின்னா வெள்ளைக்காரன், போர்த்துகீசியர் வந்து இறங்கின ஊர். காயும் அவங்க பேராலதான் பறங்கிக்காயாம். 1781-ல ஹைதர் அலி படைக்கும் இங்கிலீஷ்காரங்களுக்கும் பெரிய சண்டை அங்க நடந்துச்சு. வெள்ளாறு கடல்ல சேர்ற இடத்துல நின்னு இட்லி சாப்பிட்டோம். கடல் உயிரினங்களைப் பத்திப் படிக்கிற பல்கலைக்கழக மையமும் அங்க இருக்கு. அதுக்கு மேல அங்க நிக்க நேரம் இல்லை.

தரங்கம்பாடிக்கு முன்னாடி தில்லையாடி. வள்ளியம்மை பேர்ல நினைவு மண்டபம் இருக்கு. அந்தப் பொண்ணோட அப்பா அம்மா பொழைக்கத் தென்னாப்பிரிக்கா போனவங்க, அவ பொறந்தது அங்கதான். கிறிஸ்தவ முறையில நடக்காத கல்யாணம் எதுவும் செல்லாதுன்னு 1913-ல அங்க ஒரு தீர்ப்பு வந்துச்சாம். அப்படின்னா நம்மளை மாதிரி தாலி கட்டிக்கிட்டவங்க எல்லாம் பொண்டாட்டியே இல்லைன்னு ஆகுது. தலைவரி வேற. காந்தி போராட்டம் நடத்தினப்போ பொம்பளைங்களும் இறங்கினாங்க. வள்ளியம்மை ஜெயிலுக்குப் போயி, உடம்பு கெட்டு வெளிய வந்து, 1914 பிப்ரவரி 22-ல செத்துப்போச்சு. வயசு 16. அடுத்த வருஷம் காந்தி தில்லையாடிக்கே வந்தாரு. பதினாறு வயசுல நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு யோசிச்சேன். பத்தாவது முடிச்சுட்டு வீட்டுல உட்கார்ந்திருந்தேன். எங்க ஊர்ல பத்தாவது வரைக்கும்தான், அதுக்கு மேல பஸ் ஏறணும். அனுப்பலை.

தரங்கம்பாடியிலதான் அதிக நேரம் இருந்தோம். டென்மார்க்னு ஒரு சின்ன நாட்டுக்காரங்க மிளகு வாங்கறதுக்காக வந்து, 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கிக் கட்டின கோட்டை. டேன்ஸ்பர்க் கோட்டைன்னு பேர். கடலைப் பாத்த மாதிரி நிக்குது. 1845-ல எல்லாத்தையும் இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போயிட்டாங்க. சீகன்பால்குன்னு ஒரு பாதிரியார் 1706-ல வந்து இறங்கினாரு. சின்னப் பசங்களோட உட்கார்ந்து மணல்ல எழுதித் தமிழ் கத்துக்கிட்டாராம். அச்சு எந்திரம் வரவழைச்சு தமிழ்ல புத்தகம் போட்டாரு. 36 வயசுலயே போயிட்டாரு. அவர் கட்டின புது எருசலேம் கோயில்லதான் அவர் சமாதி இருக்கு.

அந்தப் பொண்ணு இன்னொன்னும் சொல்லுச்சு. 1707-லயே அவர் பெண் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் வெச்சாருன்னு. கணக்குப் போட்டுப் பாத்தேன். எனக்கு முந்தி ஏறக்குறைய முன்னூறு வருஷம். கோபம்தான் வந்துச்சு, யார் மேலன்னு தெரியலை. அந்த வீதியில கொஞ்ச நேரம் பின்தங்கித் தனியா நடந்தேன்.

இப்போ சொல்லப்போறதை, சம்பந்தப்பட்ட அக்காகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் சொல்றேன். எங்க குழுவுல கடற்கரைக் குப்பத்துல இருந்து வந்து சேர்ந்த அக்கா ஒருத்தங்க இருக்காங்க. 2004 டிசம்பர் 26-ல சுனாமியில நாலு வயசுப் பையனைப் பறிகொடுத்தவங்க. அப்புறம் கடற்கரைப் பக்கமே போனதில்லை. இந்தப் பயணத்துக்குப் பேர் குடுத்தப்பவே எனக்குப் பயம். தேவனாம்பட்டினத்துலயும் பரங்கிப்பேட்டையிலயும் வேனை விட்டு இறங்கலை. தரங்கம்பாடிக் கோட்டைக்கும் வரலை. நானும் கட்டாயப்படுத்தலை.

கோட்டைக்குப் பக்கத்துல மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது. அதுல முன்பக்கத்தை எல்லாம் கடல் கொண்டுபோயிடுச்சு. அலையைத் தடுக்கப் பாறாங்கல்லு கொட்டி வெச்சிருக்காங்க. நாங்க நின்னு பாத்துக்கிட்டிருக்கிறப்போ பின்னாடி அந்த அக்கா வந்து நிக்கறாங்க. தானா இறங்கி நடந்து வந்திருக்காங்க. வழிகாட்டிப் பொண்ணுகிட்ட, "சாமி கோயிலையா கடல் எடுத்துச்சு?"ன்னு கேட்டாங்க. "ஆமாங்க அக்கா, கொஞ்சம் கொஞ்சமா, பல வருஷமா"ன்னு அது சொல்லுச்சு. அக்கா அந்தக் கல்லையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், "சாமியையே விடலை. என் புள்ளையை எங்க விடப்போவுது"ன்னாங்க. அழலை. பாறாங்கல்லு மேல உட்கார்ந்தாங்க. பக்கத்துல நாங்களும் உட்கார்ந்துட்டோம். வழிகாட்டிப் பொண்ணு அடுத்தது என்னன்னு சொல்ல வாயெடுத்துட்டு, சொல்லாம அதுவும் உட்கார்ந்துச்சு. முக்கால் மணி நேரம் இருக்கும். புளிசாதத்தை அங்கேயே பிரிச்சோம். அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் பூம்புகார் போகலைன்னு இப்போ நெனச்சுக்கறேன்.

காரைக்காலுக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். பிரெஞ்சுக்காரங்க 1739-ல பிடிச்ச ஊர். வழி பூரா தமிழ்நாடு, ஆனா போய் இறங்கினா நம்ம புதுச்சேரி போர்டு! பெரியம்மா ஒருத்தங்க, "அப்போ நம்ம ரேஷன் கார்டு இங்க செல்லுமா?"ன்னு கேட்டாங்க. அம்மையார் கோயில்ல கும்பிட்டோம். மாம்பழக் கதை எல்லாருக்கும் தெரியும், நான் சொல்லலை. 63 நாயன்மார் வரிசையில எல்லாரும் நிக்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பாங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னதைத்தான் கவனிச்சேன். இத்தனை வருஷமா கோயில்ல அந்த வரிசையைச் சுத்தி வந்திருக்கேன், ஒரு நாளும் பாத்ததில்லை.

ராத்திரி பத்தரைக்கு ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் கூட்டத்துல கணக்குப் படிச்சேன். வேன் டீசலோட 7,000. டிரைவர் பேட்டா 500. வழிகாட்டி 2,000. டிக்கெட், சுங்கச்சாவடி, டீ, வாந்திக்கு மாத்திரை, எல்லாம் சேர்த்து 810. ஆக மொத்தம் 10,310. மீதி 490 குழுக் கணக்குல கட்டிட்டோம்.

கணக்கு முடிஞ்சதும் ஊக்குநர் அக்கா தீர்மான நோட்டை எடுத்து, "பிரயோஜனமில்லைன்னு சொல்றவங்க கை தூக்குங்க"ன்னாங்க. என் நெஞ்சு அடிச்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. ஒரே ஒரு கை தூக்குச்சு. அந்தத் தங்கச்சி கடலூர் தாண்டினதுல இருந்து வாந்தி. ஜன்னல் கம்பியைத் தவிர ஒன்னும் பாக்கலை. அது கேட்டதுல தப்பே இல்லை. மாசா மாசம் ஐம்பது ரூபாய் குடுத்துக்கிட்டு வர்றேன். நாலு மாசம் ஆச்சு, இன்னும் 400 பாக்கி. எங்க வீட்டுக்காரர் பின்வரிசையில உட்கார்ந்திருக்காரு. இந்த விஷயம் அவருக்கு இப்பத்தான் தெரியுது.

அடுத்த வருஷத்துக்குத் தனி நோட்டு போட்டாச்சு. பக்கத்துலயே இருக்கிற அரிக்கமேடும் வில்லியனூரும் போறதா பேச்சு. அந்தத் தங்கச்சியும் பேர் குடுத்திருக்கு, முன் சீட்டு வேணும்னு.