சப்பைத் தண்ணீரும் மரக்கன்றும்



சரவணம்பட்டி 2011-ஆம் ஆண்டில் கோவை மாநகராட்சியுடன் இணைந்துவிட்டது. ஆயினும் இவ்வட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றுக்கு ஆழ்துளைக் கிணற்றுச் சப்பைத் தண்ணீரே இன்றும் கதி. அந்நீரில் மரக்கன்றுகள் வளருமா? வளரும், ஆனால் எருவை மட்டும் நம்பினால் வளரா.

எரு உப்பைப் போக்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. மக்கிய எரு மண்ணைப் பொலபொலப்பாக்கி, நீர் வடிய வழி செய்யும். உப்பைக் கழுவி வெளியேற்றுவது வடியும் நீரே ஆகும்.

கணக்கைப் பாருங்கள். மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2 டெசிசைமன் உள்ள நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் உப்பு உண்டு. நாளொன்றுக்குக் கால் லிட்டர் ஊற்றி, அது வடியாவிடில், 100 நாட்களில் ஒரு பைக்குள் 30 கிராமுக்கு மேல் உப்பு தங்கும். இலை நுனி கருகிக் கன்று மடியும்.

ஆகவே, செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து பைகளை நிரப்புங்கள். பையின் அடியில் துளைகள் இருத்தல் அவசியம். இளம் பருவமே உப்புக்கு மிகவும் அஞ்சுவது. எனவே விதை முளைத்துக் கன்று தேறும்வரை சேமித்த மழைநீரை ஊற்றுங்கள். பின்னர் சப்பைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். இலை நனையாமல் அடியில் ஊற்றி, அவ்வப்போது துளை வழியே வடியுமளவு நீர் விடுங்கள். வேம்பு, புங்கன், சவுக்கு ஆகியவை உவரைத் தாங்குவன.

விதைக்குமுன் கிணற்று நீரைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நடக் கன்று இல்லையேல், ஊருக்கு ஓராண்டு வீண். அந்நிலை நேராதவாறு காப்பது நம் கடமை.