மீனுக்கு முன்னாடி செடி

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



வண்ண மீன் வளர்ப்புக்குக் கடன் கேட்டு எழுதலாமான்னு சில குழுக்களில் பேச்சு நடக்குது. கேட்கிறதில் தப்பில்லை. கொளத்தூர் நமக்குப் பக்கம். வண்ண மீனுக்கு இந்தியா முழுக்கப் பேர் போன இடம். புழல், செங்குன்றம் சுத்துவட்டாரத்தில் குடும்பம் குடும்பமா இந்தத் தொழிலில் இருக்காங்க. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கு. 2020இல் தொடங்கின பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்க்கிற சிறு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பு வச்சாங்க. பெண்களுக்கு 60 சதவீதம் மானியம். அதாவது 1 லட்சத்து 80 ஆயிரம் மானியம், மீதி 1 லட்சத்து 20 ஆயிரம் நம்ம பொறுப்பு. அந்த 1 லட்சத்து 20 ஆயிரத்தைப் பத்தித்தான் எனக்குக் கவலை. அது குழுக் கடனா வரும், வட்டியோட திருப்பணும். மீன் செத்தாலும் தவணை சாகாது.

அதனால என் கருத்து இதுதான்: கடன் மனுவில் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, வீட்டில் ஒரே ஒரு கண்ணாடித் தொட்டி, செடி வச்ச தொட்டி, ஆறு மாசம் ஓட்டிப் பாருங்க. அதில் மீன் உயிரோட இருந்து குட்டியும் போட்டா, அப்புறம் மனு எழுதலாம். குழு தொடங்கின அன்னைக்கே வங்கி நமக்குக் கடன் கொடுத்துச்சா? ஆறு மாசம் கூட்டம், சேமிப்பு, கணக்கு எல்லாம் பாத்துட்டுத்தானே கொடுத்தாங்க.

முதல்ல தண்ணி. நம்ம பக்கத்தில் இதுதான் பெரிய விஷயம். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்து பல வருஷமாச்சு. காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்குகிற நிலையம் வந்ததும், நாளுக்கு 10 கோடி லிட்டர் எடுக்கிற திறனோட அது தொடங்கினதும் உங்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கம் தெருவுக்குத் தெரு போர் தண்ணி ருசி மாறுது. ஒரு வீட்டில் நல்லா இருக்கும், நாலு வீடு தள்ளி உப்புக் கரிக்கும். கேன் தண்ணி போடுறவங்க கையில் டிடிஎஸ் மீட்டர் இருக்கும், கேட்டா பாத்துச் சொல்லிடுவாங்க. குடிநீருக்கு 500க்குள்ள இருக்கணும், வேற வழியில்லைன்னா 2000 வரைக்கும்னு இந்தியத் தர அளவு சொல்லுது. அந்த எண்ணைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் மீனைத் தேர்ந்தெடுக்கணும். மீனை வாங்கிட்டு வந்து தண்ணியைத் தேடக்கூடாது. தண்ணியில் நிறமோ வாடையோ இருந்தா, தொழிற்சாலைப் பக்கத்து போராக இருந்தா, அதைத் தொட்டியில் ஊத்தவே வேணாம்.

நம்ம தண்ணி பெரும்பாலும் கடினமானது, அதாவது சுண்ணாம்புச் சத்தும் உப்பும் உள்ளது. இதுக்குச் சரியானது கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன். மோலி கொஞ்சம் உப்புத் தண்ணியிலும் வாழும். கடையில் நீலமும் சிவப்புமா மின்னுற நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மென்தண்ணி மீன். பாக்க ஆசையா இருக்கும், நம்ம போர் தண்ணிக்கு அது வேணாம். தங்கமீனும் முதல் தொட்டிக்கு வேணாம். செடியைத் தின்னும், கழிவும் அதிகம்.

குழாயில் வர்ற தண்ணியில் குளோரின் இருக்கும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வச்சா பெரும்பாலும் போயிடும். போர் தண்ணியையும் ஒரு நாள் காத்தாட வைக்கணும். பூமிக்குள்ள இருந்து வர்றப்ப அதில் காற்று குறைவா இருக்கும்.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். அதில் 56 லிட்டர் பிடிக்கும். சின்னதா இருந்தா சுலபம்னு நினைக்கிறோம். ஆனா கொஞ்சத் தண்ணி சீக்கிரம் கெடும், சீக்கிரம் சூடாகும். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு 10 லிட்டர் கிண்ணத்தில் மீன் வச்சா பாவம். மண்ணு, கல்லு எல்லாம் சேத்து 70, 80 கிலோ வரும், அதனால டிவி ஸ்டாண்டு தாங்காது. சமமான இடத்தில் தெர்மோகோல் போட்டு அது மேல வைங்க. ஜன்னல் வெயில் நேரா படக்கூடாது, பட்டா கண்ணாடி முழுக்கப் பாசிதான். இன்னொண்ணு: மின்சார ஒயர் பிளக்குக்குக் கீழே வளைஞ்சு தொங்கிட்டு மேலே ஏறணும். ஒயர் வழியா வழியுற தண்ணி அந்த வளைவில் சொட்டிடும், பிளக்குக்குப் போகாது. வீட்டில் பிள்ளைங்க இருக்கு, இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க.

அடியில் உரம் போடாத செம்மண் ஓர் அங்குலம். அது மேல கழுவின சன்னக் கூழாங்கல் இரண்டு அங்குலம். கடற்கரை மண்ணு வேணாம், கிளிஞ்சலும் உப்பும் இருக்கும். கல்லு மேல எலுமிச்சைச் சாறு விடுங்க. நுரைச்சா அது சுண்ணாம்புக் கல், தண்ணியை இன்னும் கடினமாக்கும். தண்ணி ஊத்தறப்ப தட்டு ஒண்ணு வச்சு அது மேல மெதுவா ஊத்தணும், இல்லேன்னா செம்மண் கலங்கி டீ மாதிரி ஆயிடும்.

செடிக்கு வெளிநாடு போக வேணாம். நீளநீளமா நாடா மாதிரி வளர்ற வாலிஸ்னேரியா நம்ம நாட்டு ஏரி, குளத்திலேயே உண்டு. கடினத் தண்ணியும் தாங்கும், பக்கத்தில் கன்னு விட்டுக்கிட்டே போகும். வேலம்பாசியும் அப்படித்தான். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் மண்ணில் புதைச்சா கிழங்கு அழுகிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டணும். கிரிப்டோகோரின் வச்சா முதல் வாரம் இலையெல்லாம் கரைஞ்சு போகும். செத்துச்சுன்னு பிடுங்கிப் போட்டுடாதீங்க, வேர் இருந்தா திரும்ப வரும். எல்இடி விளக்கு தினம் ஏழெட்டு மணி நேரம் போதும். கரியமில வாயு சிலிண்டர் எல்லாம் கடைக்காரர் சொன்னா, இப்ப வேணாம்னு சொல்லிடுங்க.

இது புதுசும் இல்ல. 1849இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியலாளர் தொட்டியில் தங்கமீனும் இந்த வாலிஸ்னேரியாவும் வச்சுப் பாத்தார். அழுகின இலையால தண்ணி கெட்டுச்சு. நத்தை விட்டார், அது அழுகலைத் தின்னுச்சு, தண்ணி தெளிஞ்சுது. மறு வருஷம் அதை எழுதி வெளியிட்டார்.

இப்ப முக்கியமான இடம். செடி நட்ட அன்னைக்கே மீன் விடக்கூடாது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். அதை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும், அது பெரிய கெடுதல் இல்ல, செடிக்கும் சாப்பாடு. இந்த நுண்ணுயிர் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். உறை ஊத்தாம பால் தயிராகுமா? தெரிஞ்சவங்க வீட்டுப் பழைய தொட்டியிலிருந்து, நோய் இல்லாத தொட்டியா பாத்து, வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போட்டா அதுதான் உறை. பஞ்சைக் குழாய்த் தண்ணியில் அலசினா குளோரின் அந்த உயிரைக் கொன்னுடும். தொட்டித் தண்ணியிலேயே அலசுங்க. செடி வேர் பிடிக்க இரண்டு வாரம் விட்டு, மூணு நாலு மீன் மட்டும் விடுங்க. ஒரு மாசம் கழிச்சு இன்னும் நாலு. கடையில் வாங்கின புது மீன் மூணாம் நாள் செத்தா மீன் சரியில்லைன்னு சொல்றோம். பல தடவை தொட்டிதான் இன்னும் தயாராகலை.

மீன் பையைக் கால் மணி நேரம் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா பையில் சேத்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடணும். பைத் தண்ணி உள்ளே போகக்கூடாது. சாப்பாடு தினம் ஒரு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்னு முடிக்கிற அளவு. வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணியை மாத்துங்க. எடுத்த தண்ணியைக் கறிவேப்பிலைக்கும் கீரைக்கும் ஊத்துங்க, அதில் உரம் இருக்கு. சோப்புக் கை, சிப்காட் வேலையிலிருந்து வந்த எண்ணெய்க் கை, கொசு மருந்து ஸ்ப்ரே மூணும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. செடி எப்பவும் ஆக்சிஜன் கொடுக்கும்னு நம்பாதீங்க. ராத்திரியில் செடியும் மீன் மாதிரி ஆக்சிஜனை எடுத்துக்கும். ராத்திரி கரண்ட் போனா மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். பேட்டரி ஏர் பம்பு ஒண்ணு கையில் இருக்கட்டும்.

கப்பி சுமார் நாலு வாரத்துக்கு ஒரு தடவை குட்டி போடும். தாயே குட்டியைத் தின்னும். செடி அடர்த்தியா இருந்தா குட்டிங்க அதுக்குள்ள ஒளிஞ்சு பிழைக்கும். எத்தனை பிழைச்சுதுன்னு நோட்டில் தேதியோட எழுதுங்க. கரண்ட், தீனி, செத்த மீன் எல்லாம் எழுதுங்க. அந்த நோட்டுதான் உங்க திட்ட அறிக்கை. கூடவே வாலிஸ்னேரியா கன்னையும் எண்ணுங்க, செடிக்கும் விலை உண்டு.

வளர்ந்து போன மீனையோ வேண்டாத செடியையோ ஆரணியாற்றிலோ ஏரியிலோ விடாதீங்க. டேங்க் கிளீனர்னு இரண்டு அங்குலத்தில் விக்கிற மீன் ஓரடிக்கு மேல வளரும். ஏரியில் போய் பெருகி வலையைக் கிழிக்குதுன்னு மீனவங்க படுற பாடு நமக்குத் தெரியும். ஆகாயத்தாமரை நம்ம நீர்நிலைகளை மூடிக்கிடக்கிறதும் கண்ணு முன்னாடி இருக்கு.

கூட்டம் முடிஞ்சப்ப ஒரு தங்கச்சி கேட்டாங்க: "செடியோட நத்தை வந்துடுச்சு, நசுக்கிடவா?" வேணாம்மா. நத்தை திடீர்னு பெருகினா தீனி அதிகமா போடறீங்கன்னு அர்த்தம். தீனியைப் பாதியாக்குங்க, இரண்டு மூணு வாரத்தில் அதுவே குறைஞ்சிடும்.