ஓடி ஓடி நிற்கும் டீசல் எஞ்சின்

நெல் கதிர் வாங்குகிற நேரம், வயல் காயக்கூடாது. அப்போது பார்த்து எஞ்சின் நின்றுவிடும். உடனே மெக்கானிக்கைத் தேடி ஓடாதீங்க.

அரைமணி நேரம் நன்றாக ஓடி, பிறகு திணறி நிற்கிறதா? டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்க. ஓடினால், மூடியிலுள்ள சிறு துளை அடைத்திருக்கிறது. மேலே காற்று புகாவிட்டால் கீழே டீசல் இறங்காது. ஒரு குச்சி வேலைதான்.

டேங்க் காலியாகி, டீசல் ஊற்றியும் கிளம்பவில்லையென்றால் அது ஏர் லாக். பில்டர் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றே தளர்த்துங்க. நுரை நுரையாக வரும். குமிழி நின்று, வெறும் டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே இறுக்கணும். அடுத்து பம்பிலும் இப்படியே. பிறகு டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி ஹேண்டிலைச் சுற்றினால் நாசிலில் ‘கிர்க், கிர்க்’ என்று கேட்கும். கேட்டால் டீசல் வந்துவிட்டது.

நாசிலைக் கழற்றி, பீச்சுகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்! அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முள் குத்தினமாதிரிதான் தெரியும், விரலே போகலாம். பட்டுவிட்டால் அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இன்னொன்று, தண்ணீர். அது டீசலைவிடக் கனம். இரவில் அடியில் தங்கிவிடும். காலையில் எஞ்சினை எடுக்குமுன் டேங்க் அடித்திருகைத் திறந்து, கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் பிடித்துப் பாருங்க. தண்ணீர் தனியே நிற்கும். டீசலாக வரும்வரை வடித்துவிடுங்க. சாயங்காலமே டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் வேர்க்காது.